திருவண்ணாமலை யூத அடியார்கள்

1930களின் தொடக்கத்திலிருந்து ரமண மகரிஷியை நாடித் திருவண்ணாமலைக்கு வந்த, யூதக் குடும்பங்களில் பிறந்த சாதகர்களை இத்தலைப்பு குறிக்கும். எண்ணிக்கையில் இவர்கள் மிகச் சிலர். ஆனால் ரமணரைப் பற்றி வெளியுலகம் ஆங்கிலத்தில் படித்த தொடக்ககால நூல்களில் முக்கியமான சில இவர்கள் கையால் உருவானவை. பால் பிரண்டனின் பயண நூல், எஸ்.எஸ். கோஹனின் நாட்குறிப்பு, மாரிஸ் ஃபிரிட்மனின் கேள்விகளும் தொகுப்பும் இல்லாமல் ரமணாசிரமத்தின் எழுத்து வரலாற்றைச் சொல்ல முடியாது.

தமிழில் இவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘வெள்ளைக்கார பக்தர்கள்’ என்று ஒரே வரிசையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இது சரியல்ல. கோஹன் பிறந்தது இராக்கில், பாஸ்ரா பக்கம். ஃபிரிட்மன் வார்சாவின் ஏழை யூதக் குடியிருப்பில் பிறந்தவர். பிரண்டன் லண்டன் யூதர். மூவருக்கும் தாய்நாடு வேறு, வளர்ந்த சூழல் வேறு. ஆளும் இனத்தவர் என்ற இடத்தில் கோஹனோ ஃபிரிட்மனோ ஒருநாளும் இருந்ததில்லை. பிறந்த ஊரிலேயே சிறுபான்மையாக வாழ்ந்து பழகியவர்கள், இன்னொரு ஊரில் எப்படி இடம் தேடிக்கொண்டார்கள் என்பதே இந்த வரலாற்றின் உயிர்.

இடம்

அருணாசல மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை சுமார் 14 கிலோமீட்டர். நகரிலிருந்து செங்கம் சாலை வழியாகப் போனால் மலையின் தென்புறத்தில் ரமணாசிரமம் வரும். அதை ஒட்டி மேற்கே இருப்பது பலாக்கொத்து. ரமணர் காலத்தில் ஆசிரமத்துக்குள் தங்காமல் தனியே சமைத்துச் சாப்பிட்டுத் தவம் செய்ய விரும்பியவர்கள் குடிசை போட்டுக்கொண்ட தோப்பு அது. பாதை மலையின் மேற்குப் பக்கம் திரும்பி, வாகன இரைச்சல் ஓரளவு ஓய்ந்த பிறகு அடி அண்ணாமலை கிராமம். நகரின் பெரிய கோயிலைவிட இதுவே முந்தையது என்று ஊரார் சொல்லும் ஆதி அருணாசலேசுவரர் கோயில் இங்கே உள்ளது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இதுதான் என்பது மரபு. அவருக்குப் பாதையோரம் தனிக் கோயிலும் உண்டு. ரமணரின் அடியார்கள், உள்ளூராரும் வெளிநாட்டாரும், இந்த வழியேதான் மலையை வலம் வந்தார்கள். ஆசிரமத்தைச் சுற்றியுள்ள ரமண நகர் நிரம்பிவிட்டதால் இப்போது அடி அண்ணாமலை வரையிலும் வெளிநாட்டினர் வாடகைக்கு வீடெடுத்து வாழ்கிறார்கள்.

முன்வரலாறு: பட்டயமும் பவழமும்

தென்னிந்தியாவில் யூதர்களின் இருப்புக்கு ஐயமற்ற எழுத்துச் சான்று கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் ஒரு கிறித்தவத் தேவாலயத்துக்கு வழங்கிய உரிமைகளுக்குச் சாட்சிக் கையெழுத்திட்டவர்களில் சிலர், எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் தங்கள் பெயரை எழுதியிருக்கிறார்கள். அரபு எழுத்தும் பகலவி எழுத்தும் அதே ஏட்டில் பக்கத்தில் உள்ளன. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர் முயிரிக்கோட்டிலிருந்து ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 வீட்டுப்பேறு உரிமைகளையும் கொடுத்த செப்பேடு அடுத்த சான்று. வட்டெழுத்தில் வெட்டப்பட்ட அந்த ஏடு கொச்சி யூதர்களிடம் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டது. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை என்று அதில் வரும் சிறப்புகள் எல்லாம் உள்ளூர்ப் பெருமக்களுக்கு உரியவை. ஓர் அயல்குடிக்கு உள்ளூர் மரியாதையின் அத்தனை அடையாளங்களையும் கொடுத்த அரசர், அவர்கள் வழிபாட்டில் கைவைக்கவில்லை.

கேரளக் கரையில் அந்தக் குடி வேர்விட்டது. மலையாளம் பேசினார்கள், பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகள் பாடினார்கள், 1568இல் மட்டாஞ்சேரியில் பரதேசி யூதத் தொழுகைக் கூடம் எழுந்தது. தமிழ்க் கரையில் நடந்தது வேறு. சென்னைக்கு யூதர்கள் முதலில் வந்தது வணிகத்துக்காக மட்டுமே.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர்ச்சுகலிலிருந்து விரட்டப்பட்டு லண்டனிலும் ஆம்ஸ்டர்டாமிலும் லிவோர்னோவிலும் குடியேறிய யூத வணிகர்கள், மத்தியதரைக் கடல் பவழத்தைச் சென்னைக்கு அனுப்பி, கோல்கொண்டா வைரங்களை வாங்கினார்கள். அவர்களில் ஜாக் டி பைவா வைரச் சுரங்கங்களுக்கே நேரில் போய், திரும்பியதும் 1687இல் சென்னையில் இறந்தார். முத்தியாலுப்பேட்டையின் பவழக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 1688 செப்டம்பர் 29இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மன் என்ற பெயரில் அமர்ந்த 12 மன்ற உறுப்பினர்களில் மூவர் யூத வணிகர்கள்: பார்த்தலோமியோ ரொட்ரிகஸ், டொமிங்கோ டோ போர்ட்டோ, ஆல்வரோ ட ஃபொன்செகா. ஏகாம்பரேசுவரர் கோயில் கட்டிய ஆலங்காத்தா பிள்ளை இவர்களோடு அதே மன்றத்தில் அமர்ந்தவர். லண்டன் மாநகர மன்றத்தில் முதல் யூத ஆல்டர்மன் பதவியேற்றது 1847இல். சென்னை அதற்கு 159 ஆண்டுகள் முந்திக்கொண்டது. இதைக் கும்பினியின் பெருந்தன்மை என்று எழுதுவது தவறாகும். வைர வணிகத்தை விட்டுவிடக் கூடாது என்ற கணக்குதான் அதன் காரணம். ஆனால் கிடைத்த இடம் உண்மையானது.

அந்தச் சமூகம் நிலைக்கவில்லை. கோல்கொண்டா வைரம் குறைந்து பிரேசில் வைரம் சந்தைக்கு வந்ததும், வணிகர்கள் வேறு துறைமுகம் பார்த்தார்கள். பெத்துநாயக்கன்பேட்டையில் இருந்த அவர்களது இடுகாடு இடம் மாறி, எஞ்சிய கல்லறைக் கற்கள் இப்போது லாயிட்ஸ் சாலை இடுகாட்டில் உள்ளன. எபிரேய எழுத்து வெட்டிய அந்தக் கற்களைத் தவிர, சென்னையில் அவர்கள் விட்டுப்போனது ஒரு தெருப்பெயர்தான்.

யூதச் சமூக வாழ்வுக்குச் சில அடிப்படைத் தேவைகள் உண்டு. கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த பத்து ஆண்கள் வேண்டும். விதிப்படி உணவு வேண்டும். குடிக்குள் மணமுடிக்கப் பெண்ணும் மாப்பிள்ளையும் வேண்டும். தனி இடுகாடு வேண்டும். கொச்சியில் இவை நான்கும் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தன. தமிழகத்தில் ஒருபோதும் நிலையாக இருந்ததில்லை. ஆகவே இங்கு வந்த யூதர் தனி ஆளாகவே வாழ நேர்ந்தது. திருவண்ணாமலை வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு முக்கியம்.

அடையாற்று முயற்சி

தனி ஆட்களாக வந்த யூதர்கள் தமிழ் மண்ணில் ஒரு கூட்டமாக நிற்க முயன்றது ஒரே ஒருமுறை. அது நடந்த இடம் சென்னை அடையாறு, பிரம்மஞான சபை. 1925 டிசம்பரில் சபையின் பொன்விழா மாநாடு அங்கே நடந்தது. அன்னி பெசன்ட் தலைமையில் உலகின் பல மூலைகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தனர். அவர்களில் இருந்த யூதர்கள் கூடி எபிரேய பிரம்மஞானிகள் சங்கத்தைத் தொடங்கினர். பெல்ஜியத்தின் காஸ்டன் போலாக் தலைவரானார். அப்போது அடையாற்றில் இருந்த, பாஸ்ராவைச் சேர்ந்த எஸ்.எஸ். கோஹன் முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர். சபை வளாகத்தில் இந்துக் கோயிலும் புத்தர் சந்நிதியும் மற்றச் சமயத்தாரின் வழிபாட்டிடங்களும் அமைந்துகொண்டிருந்த காலம். அவற்றின் நடுவே ஒரு யூதத் தொழுகைக் கூடத்துக்கும் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழவே இல்லை.

பாஸ்ராவில் இதன் விளைவு கடுமையாக இருந்தது. அங்கே கதூரி ஆனி என்பவரைச் சூழ்ந்த யூத பிரம்மஞானிகளை 1920களின் இறுதியில் ராபிகள் எனப்படும் யூத மதகுருமார் சமூகவிலக்கம் செய்தனர். விலக்கப்பட்டவர்கள் தங்களுக்கெனத் தனித் தொழுகையிடம் வைத்துக்கொண்டார்கள். தாங்கள் யூதர்கள் இல்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. பிற சமயங்களின் ஞானமும் தங்கள் வேதத்தின் மறைபொருளும் ஒன்றே என்று சொன்னார்கள். சொந்தக் குடிக்கு அது பொறுக்கவில்லை. இந்தத் தடை நீங்க 1930களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. கோஹன் திருவண்ணாமலைக்கு வருவதற்குப் பின்னால் இப்படி ஓர் ஊர்ச் சண்டை இருந்ததை ஆசிரமத்துக் கதைகள் சொல்வதில்லை.

பால் பிரண்டன்

1898இல் லண்டனில் ராஃபேல் ஹர்ஸ்ட் என்ற பெயரில் பிறந்தவர். பத்திரிகையாளர். 1931இன் தொடக்கத்தில் தமிழகம் வந்தார். எழுத்தாளர் கா.சி. வேங்கடரமணி அவரைச் செங்கல்பட்டில் முகாமிட்டிருந்த காஞ்சி சங்கராசாரியார் சந்திரசேகரேந்திர சரசுவதியிடம் அழைத்துச் சென்றார். சங்கராசாரியார் அவரைத் திருவண்ணாமலைக்குப் போகச் சொன்னார். 1934இல் வெளிவந்த ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’ ரமணரின் பெயரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுசென்றது. மேஜர் சாட்விக் போன்ற ஆங்கிலேய அடியார்கள் அந்நூலைப் படித்துவிட்டே கப்பலேறினார்கள்.

நூல் முழுவதிலும் பிரண்டன் தன்னை ஆங்கிலேயப் பத்திரிகையாளர் என்ற அளவிலேயே காட்டிக்கொள்கிறார். யூதப் பிறப்பைப் பற்றிப் பேச்சில்லை. அவர் புகழ்பெற்றது புனைபெயரில். ஐரோப்பாவில் யூத வெறுப்பு பகிரங்க அரசியலாகிக்கொண்டிருந்த ஆண்டுகளில் இந்த மௌனத்தை நாம் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாக, தமிழ் வாசகர்கள் அவரை இன்றுவரை வெறும் இங்கிலீஷ்காரராகவே அறிந்திருக்கிறார்கள். 1930களின் இறுதியில் ஆசிரம நிர்வாகத்தோடு மனக்கசப்பு ஏற்பட்டு விலகிய பிரண்டன், 1981இல் சுவிட்சர்லாந்தில் காலமானார்.

எஸ்.எஸ். கோஹன்

இந்தத் தலைப்பின் நடுநாயகம் இவரே. சுலைமான் சாமுவேல் கோஹன் 1895இல் பிறந்தார். கோஹன் என்ற குடிப்பெயர், மோசேயின் அண்ணன் ஆரோனின் வழிவந்த ஆசாரியக் குலத்தைக் குறிப்பது. கி.மு. 586இல் எருசலேம் வீழ்ந்து பாபிலோனுக்குச் சிறைகொண்டு போகப்பட்டவர்களின் வழியினர் என்று இராக்கிய யூதர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூத் உருவான மண் அது. பேச்சு அரபு, வேதம் எபிரேயம், கணக்கு வழக்கெல்லாம் பம்பாய் வரைக்கும் நீண்டது. பாஸ்ராவிலிருந்து பம்பாய்க்கு வருவது அவர்கள் குடியில் புதுமையல்ல. சாசூன் குடும்பத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த வழியை அகலப்படுத்திவிட்டார்கள். கோஹன் அதே வழியில் வந்தார். ஆனால் அவர் நாடியது வணிகத்தை அன்று. அடையாற்றில் பிரம்மஞானம் படித்தார். அங்கும் மனம் அடங்கவில்லை.

1936 பிப்ரவரியில் திருவண்ணாமலை சேர்ந்தவர், சில மாதங்களுக்குள் பலாக்கொத்தில் ஒரு மண்குடிசை கட்டிக்கொண்டார். விசுவநாத சுவாமி, முருகனார், குஞ்சு சுவாமி போன்ற தமிழ், மலையாள அடியார்கள் பக்கத்துக் குடிசைகளில் இருந்தார்கள். ரமணர் தினமும் நடந்துவரும் வழி அது. குடிசையிலிருந்து ரமணர் அமர்ந்திருந்த ஆசிரம ஹாலுக்கும், ஹாலிலிருந்து குடிசைக்கும், இடையில் மலைவலத்துக்கும் போவதுதான் கோஹனின் வாழ்க்கையாயிற்று.

ஹாலில் நடந்த உரையாடல்களை முனகால வேங்கடராமையா எழுதிவைத்த குறிப்புகளில் கோஹன் அடிக்கடி வருகிறார். பக்தியில் கரைந்துபோகும் ஆளாக அங்கே அவரைக் காண முடியாது. வழக்காடும் மாணவராகவே இருக்கிறார். ஆன்மிக இதயம் என்று சொல்கிறீர்களே, அது உடம்பின் இதயம்போலத் துடிக்குமா, துடிக்காதென்றால் அதை உணர்வது எப்படி என்று நாள்கணக்கில் துருவிக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்லை எடுத்து, அதை நான்கு பக்கமும் திருப்பி, எதிர்வாதம் வைத்து, விடை பிடிபடும் வரை விடாமலிருப்பது தால்மூத் பள்ளியில் தலைமுறைகளாக வரும் பயிற்சி. ஹாலில் அவர் உட்கார்ந்தது அத்வைதியாக. கேள்வி கேட்டது யூதராக. இது என் கருத்து. அவருடைய நூல்களைப் படிப்போர் தாமே முடிவுசெய்யட்டும்.

‘குரு ரமணா’ என்ற அவர் நூல் மூன்று பகுதிகளைக் கொண்டது: வந்த கதை, 1930களின் உரையாடல்கள், 1948 முதல் 1950 வரையிலான நாட்குறிப்பு. கடைசிப் பகுதி மனத்தை உலுக்கும். ரமணரின் இடக்கையில் தோன்றிய கட்டி, அறுவை, மீண்டும் கட்டி, மீண்டும் அறுவை என்று நாள்வாரியாக எழுதுகிறார். மிகைச்சொல் ஒன்றுகூட இல்லை. 1950 ஏப்ரல் 14 இரவு வரை அந்தக் குறிப்பு தொடர்கிறது.

அந்த ஆண்டுகளையொட்டி அவர் பிறந்த நாட்டில் நடந்தது வேறொரு முடிவு. 1941 ஜூனில் பாக்தாதில் யூதர்கள் மீது கொடும் வன்முறை நடந்தது. இஸ்ரேல் பிறந்த 1948க்குப் பிறகு நெருக்கடி முற்றியது. 1950, 1951ஆம் ஆண்டுகளில் சுமார் 1,20,000 இராக்கிய யூதர்கள் குடியுரிமையைத் துறந்து விமானங்களில் இஸ்ரேலுக்குப் போனார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு வாழ்வு இரண்டே ஆண்டில் கலைந்தது. கோஹன் திரும்பிப் போக நினைத்திருந்தாலும் போவதற்கு ஊரில் அவர் சனம் இல்லை.

குருவின் மறைவுக்குப் பிறகும் கோஹன் எழுதிக்கொண்டிருந்தார். ரமணரின் உரையாடல்களுக்கு விளக்கம், ரமணர் பாடிய உள்ளது நாற்பதுக்கு உரை, பாகவதத்தின் சுருக்கம் என்று அந்த வரிசை நீளும். 1980இல் இறந்தார். அவர் சமாதி ஆசிரமத்திலேயே இருக்கிறது. நாற்பத்து நான்கு ஆண்டுத் தொடர்பில் அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. ஆசாரியக் குலப் பெயரோடே அருணாசலத்தின் அடியில் அடங்கினார்.

பெயர் மாற்றாததற்கு அவர் மனம் மட்டும் காரணமல்ல. ரமணரின் முறையும் காரணம். ரமணர் யாருக்கும் சந்நியாசம் கொடுத்ததில்லை. மதம் மாறச் சொன்னதில்லை. சின்னம் தரிக்கச் சொன்னதில்லை. உருவ வழிபாட்டைக் கட்டளையாகவே மறுக்கும் மரபில் வளர்ந்த ஒருவர், விக்கிரகத்தின் முன் கைகூப்பாமலே அந்த ஹாலில் அமரலாம். விசாரணை ஒன்றே பாடம். யூதர்களுக்கு இந்த வாசல் எளிதாக இருந்ததில் வியப்பில்லை.

மாரிஸ் ஃபிரிட்மன்

1901இல் வார்சாவில் பிறந்தவர். மின்பொறியாளர், பிரான்ஸில் வேலை பார்த்தவர், புதுக்கருவிகள் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர். மைசூர் திவான் மிர்சா இஸ்மாயில் அவரைப் பெங்களூர் அரசு மின்தொழிற்சாலையை நடத்த அழைத்துவந்தார். இந்து மன்னரின் முஸ்லிம் திவான், போலந்து யூதர் ஒருவரைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்த காலம் அது.

பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை அரைநாள் பயணம். 1935 முதலே ஃபிரிட்மன் அடிக்கடி வந்தார். சந்நியாசம் வேண்டுமென்று கேட்டபோது ரமணர் தரவில்லை. காஞ்ஞங்காடு சுவாமி ராமதாசரிடம் காவி பெற்று பாரதானந்தர் ஆனார். காவியோடே தொழிற்சாலைக்குப் போனார்; முக்கிய விருந்தினர் வரும் நாட்களில் மட்டும் கோட்டு போடும்படி திவான் கேட்டுக்கொண்டதாக ஒரு செய்தி உண்டு. அருளைப் பற்றிப் பேச்சு வந்த ஒரு நாள், உப்புப் பொம்மை கடலில் இறங்கும்போது மழைக்கோட்டு அதைக் காப்பாற்றாது என்று ஃபிரிட்மன் சொல்ல, ஹாலில் இருந்தவர்கள் ரசித்தார்கள். உடம்புதான் அந்த மழைக்கோட்டு என்று ரமணர் சேர்த்துக்கொண்டார்.

ஃபிரிட்மன் ஒரே இடத்தில் உட்காரும் ஆளல்ல. அவுந்து சமஸ்தானத்து அரசர் தம் அதிகாரத்தைக் கிராமங்களுக்கு ஒப்படைக்க முன்வந்தபோது, காந்தியின் ஆலோசனையோடு 1939இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பை உருவாக்குவதில் பங்குகொண்டார். காந்திக்காக எளிய நூற்புக் கருவி செய்துகொடுத்தார். போலந்து எழுத்தாளர் வாண்டா டைனோவ்ஸ்காவோடு சேர்ந்து 1944இல் சென்னையில் போலந்து–இந்திய நூலகம் என்ற வெளியீட்டு வரிசையைத் தொடங்கினார். இந்திய நூல்கள் போலிஷ் மொழிக்குப் போயின. 1959க்குப் பிறகு திபெத்திய அகதிகளைக் குடியமர்த்தும் பணியில் இறங்கினார். மும்பையில் நிசர்கதத்த மகராஜின் மராத்தி உரையாடல்களை ஆங்கிலமாக்கி 1973இல் ‘ஐ ஆம் தட்’ என்று வெளியிட்டார். சில ஆண்டுகளில் மும்பையிலேயே இறந்தார்.

அவர் சென்னையில் போலிஷ் நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்த அதே 1944ஐ மறக்க முடியாது. போருக்கு முன் வார்சாவில் சுமார் மூன்றரை லட்சம் யூதர்கள் இருந்தார்கள். நகரின் மூன்றில் ஒரு பங்கு அவர்கள். 1940இல் நாஜிகள் அவர்களைச் சுவருக்குள் அடைத்தார்கள். 1942இல் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயிலேற்றினார்கள். 1943 ஏப்ரலில் எஞ்சியவர்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள், மே மாதத்தில் அந்தக் குடியிருப்பே தரைமட்டமானது. ஃபிரிட்மன் தன் குடியை விட்டுவிட்டார் என்று சொல்வோருக்கு நான் சொல்வது இதுதான்: அவர் விட்டு வந்த குடியைப் பிறர் அழித்தார்கள். அகதியென்று வந்தவர் எந்த இனமானாலும் அவருக்காக ஃபிரிட்மன் ஓடியதன் பின்னால் அந்த இழப்பு இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

ஃபிரிட்மன் இந்த ஊரைச் சேர்ந்தவரே, ஏதோ வெளிநாட்டில் பிறந்துவிட்டு மீண்டும் இங்கு வந்து சேர்ந்திருக்கிறார் என்று ரமணர் சொன்னதாக அடியார்களிடையே வழங்குகிறது. உரிமைச் சீட்டும் ஊர்க்கணக்கும் பார்க்காமல் ஒருவரை ‘நம்மவர்’ என்று ஏற்றுக்கொள்ளும் பேச்சு இது.

பழைய ஏற்பாடும் ரமணரும்

விவிலியத்தின் இரண்டு வாக்கியங்களில் வேதாந்தம் முழுவதும் அடங்கிவிடுகிறது என்று ரமணர் பலமுறை சொன்னது பதிவாகியிருக்கிறது. ஒன்று, யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தில் எரியும் முட்செடியின் முன் மோசேக்கு இறைவன் தன் பெயரைச் சொல்லும் இடம். மற்றொன்று 46ஆம் சங்கீதத்தில் அமைதியாயிருந்து இறைவனை அறியச் சொல்லும் வரி. கடவுளுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களிலேயே முதலாவதை மிஞ்சியது வேறில்லை என்பது அவர் துணிபு.

மதுரையில் அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்த ரமணருக்கு விவிலியம் கிறித்தவர்கள் வழியாகவே வந்திருக்க வேண்டும். அவர் எடுத்துக்காட்டியதும் கிறித்தவ அன்பர்களுக்கே பெரும்பாலும். ஆனால் இரண்டு வாக்கியங்களும் யூத வேதத்தின் வாக்கியங்கள். பத்துக் கட்டளைகளுக்கு முந்தைய அந்த மலையடிவாரக் காட்சியை, இன்னொரு மலையின் அடிவாரத்தில், தமிழ்த் துறவியின் வாயிலிருந்து ஆசாரியக் குலத்து யூதர் ஒருவர் கேட்டிருப்பார். தன் முன்னோரின் வேதத்தைப் புதிதாகக் கண்டுகொள்ள கோஹன் இத்தனை தூரம் வரவேண்டியிருந்தது.

புதுச்சேரியும் கண்டியும்

ஒப்பிட்டுப் பார்க்க இருவரைச் சொல்லலாம். திருவண்ணாமலையிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கும் புதுச்சேரிக்கு, 1914இலும் பிறகு நிலையாக 1920இலும் வந்தவர் மிர்ரா அல்ஃபாஸா. 1878இல் பாரிஸில் பிறந்தார். தந்தை துருக்கி நாட்டு யூதர், தாய் எகிப்து யூதர். வீட்டில் சமயப் பற்று இல்லை. இளமையில் அல்ஜீரியாவின் திலெம்சென் நகரில் மாக்ஸ் தெயோன் என்ற போலந்து யூத மறைஞானியிடம் பயின்றார். அரவிந்தர் ஆசிரமத்தை நடத்தி, 1968இல் ஆரோவில்லைத் தொடங்கி, 1973இல் மறைந்தார். தமிழ்நாட்டு வீடுகளின் பூஜையறைகளில் ‘ஸ்ரீ அன்னை’ என்று பூவைத்து வணங்கப்படுபவர் இவரே. ஒவ்வொரு பூவுக்கும் அவர் சொன்ன பொருளை மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்கள் சிற்றூர்களிலும் உண்டு. அவர் யூதக் குடியில் பிறந்தவர் என்று அவர்களிடம் சொன்னால் பலருக்கு அது புதுச்செய்தியாக இருக்கும். வணக்கம் சற்றும் குறையாது.

மற்றவர் ஞானபோனிக தேரர். ஜெர்மனியில் ஹனாவ் நகரில் 1901இல் சீக்மண்ட் ஃபெனிகர் என்ற யூதராகப் பிறந்து, ஹிட்லர் ஆட்சியின் நெருக்கடியில், கோஹன் இங்கு வந்த அதே 1936இல் இலங்கை சேர்ந்து பிக்குவானார். போர் வந்ததும் ஆங்கிலேயர் அவரை ஜெர்மானியர் என்ற கணக்கில் சிறைப்பிடித்து, டேராடூன் முகாமில் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைத்தார்கள். யூதர் என்று ஜெர்மனி துரத்தியது. ஜெர்மானியர் என்று பிரிட்டன் அடைத்தது. 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுக் கழகத்தை நிறுவிய அவர் 1994இல் காலமானார்.

பிற்காலம்

கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேல் சென்றுவிட்டார்கள். இந்தியாவும் இஸ்ரேலும் 1992 ஜனவரியில் முழுத் தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்ட பிறகு எதிர்த்திசையில் ஒரு வழி திறந்தது. கட்டாய ராணுவப் பணி முடித்த இஸ்ரேலிய இளைஞர்கள் ஆண்டுதோறும் இந்தியா வருகிறார்கள். அவர்களில் பலருக்கு இமயமலையும் கோவாவும் இலக்கு. திருவண்ணாமலைக்கு வந்து மார்கழிக் குளிரில் கிரிவலப் பாதையில் நடப்போரும் உண்டு. அமெரிக்க, ஐரோப்பிய யூதர்கள் பிரண்டனையோ ‘ஐ ஆம் தட்’ நூலையோ படித்துவிட்டு வருகிறார்கள். இவர்களுக்குத் திரும்பிப்போக ஊர் இருக்கிறது. கோஹன் தலைமுறையிலிருந்து இவர்களைப் பிரிப்பது இதுவே.

இந்த வரலாறு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. கும்பினிக் காலத்து ஆவணங்கள் எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. எபிரேய பிரம்மஞானிகளின் ஏடுகளைத் தேட அடையாறு இருக்கிறது. கோஹனின் நூல்களை ரமணாசிரமம் அச்சில் வைத்திருக்கிறது. கல்லறைக் கற்கள் லாயிட்ஸ் சாலையில் வெயிலிலும் மழையிலும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. எல்லாம் இருநூறு கிலோமீட்டருக்குள். எபிரேயமும் தமிழும் கற்ற ஆய்வாளர் ஒருவர், அந்தக் கல்லெழுத்துகள் அழிவதற்குள் அவற்றைப் படியெடுத்து, இந்த மனிதர்களின் கதையைத் தமிழிலேயே எழுத முன்வர வேண்டும்.